இலக்கமா, எண்ணா? பட்டியலில் ஒரு பெயர் சத்தமின்றிக் காணாமல் போகும் விதம்

மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால் இருக்கிறது பல்லேகம. லக்கல – பல்லேகம பிரதேச செயலகப் பிரிவின் பெயரில் பாதி இந்த ஊருடையது. மொரகஹகந்த – களு கங்கை அபிவிருத்தித் திட்டத்துக்காக இந்தப் பக்கத்து மக்கள் பலர் தமது வயல்களையும் வீடுகளையும் விட்டு வேறிடங்களில் குடியேறினார்கள். பழைய நகரில் இருந்த அலுவலகங்களும் கடைகளும் புதிதாகக் கட்டப்பட்ட லக்கல நகரத்துக்கு மாறின.

இப்படி ஓர் ஊர் இடம்பெயரும்போது, முதல் கல் நடப்படுவதற்கு முன்பே ஒரு பட்டியல் தயாராகிவிடும். காணி யாருடையது, குடும்பத்தில் எத்தனை பேர், அடையாள அட்டை இலக்கம் என்ன, தொலைபேசி இருக்கிறதா? வெள்ளம், மண்சரிவு, வரட்சி என எது வந்தாலும் இதே கேள்விகள்தான், இதே பட்டியல்தான். முன்பு அது கிராம உத்தியோகத்தரின் கொப்பியில் இருந்தது. இப்போது கணினியில் இருக்கிறது.

"உங்கட பெயர் பட்டியலில் இல்லையே" என்ற வசனத்தை இந்த நாட்டில் வரிசையில் நின்ற எவரும் ஒரு தடவையாவது கேட்டிருப்பார். அதற்கு அரசியல் காரணம் இருக்கலாம், அலட்சியம் காரணமாக இருக்கலாம். யாரும் அதிகம் பேசாத இன்னொரு காரணமும் உண்டு. பட்டியலைக் கையாளும் செய்நிரல், தன் கைக்கு வந்த தகவல் 'என்ன வகை' என்று கேட்காமல் விட்டிருக்கலாம். அல்லது கேட்க வேண்டிய கேள்வியைத் தவறாகக் கேட்டிருக்கலாம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

இங்கே வரும் பட்டியல்கள் விளக்கத்துக்காக நாம் அமைத்துக்கொண்டவை. எந்த அலுவலகத்திலும் நடந்ததாக அவற்றைக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் செய்நிரல் மொழிகள் நடந்துகொள்ளும் விதம் பற்றிச் சொல்பவை உண்மையானவை. கணினி உள்ள எவரும் அவற்றைச் செய்து பார்க்கலாம்.

பெயர் ஓரிடம், வகை வேறிடம்

கணினிக்குள் இருக்கும் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு வகை உண்டு. 6 என்பது எண், கூட்டலாம், பெருக்கலாம். "பல்லேகம" என்பது எழுத்துகளின் கோவை. பாடநூல்கள் இதைச் சரம் என்கின்றன. 'மெய்' அல்லது 'பொய்' என்ற இரண்டே விடை கொண்டது இன்னொரு வகை. பல பொருள்களை வரிசையாக வைத்திருக்கும் பட்டியல் ஒரு வகை. 'இங்கே ஒன்றுமில்லை' என்பதைச் சொல்லும் வெறுமையும் ஒரு வகை. இவையெல்லாம் மொழியோடு சேர்ந்தே வருபவை. செய்நிரலாளர் உருவாக்க வேண்டியதில்லை.

சி, ஜாவா போன்ற மொழிகளில் முதலிலேயே ஒரு பெட்டியை அறிவிக்க வேண்டும்: 'உறுப்பினர் தொகை என்ற இந்தப் பெட்டிக்குள் நிறைவெண் மட்டுமே வரும்.' அதற்குள் ஊரின் பெயரைப் போட முயன்றால், செய்நிரல் ஓடத் தொடங்கும் முன்பே மொழி மறுத்துவிடும்.

பைத்தன், ஜாவாஸ்கிரிப்ட், பி.எச்.பி. ஆகியவை அப்படியல்ல. இவற்றை இயங்குநிலை மொழிகள் என்பார்கள். இங்கே மாறியின் பெயர் வெறும் ஒட்டுச்சீட்டு. இன்று ஓர் எண்ணில் ஒட்டியிருக்கும், நாளை ஒரு சரத்தில் ஒட்டியிருக்கும். வகை என்பது சீட்டில் இல்லை, சீட்டு ஒட்டப்பட்ட பொருளில் இருக்கிறது. லக்கல நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் அதேதான்; ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி பஸ் ஏறுபவர் இன்று போய் இறங்கும் இடம் வேறு. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. போய்ப் பார்க்க வேண்டும்.

இயங்குநிலை மொழியில் அப்படிப் 'போய்ப் பார்ப்பது'தான் வகைச் சோதனை. செய்யாவிட்டால் என்ன ஆகும்? மொழிக்கு மொழி விடை மாறும். "5" என்ற சரத்தோடு 3 என்ற எண்ணைக் கூட்டச் சொன்னால் பைத்தன் மறுத்து, பிழை என்று சொல்லி நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் மறுக்காது, இரண்டையும் ஒட்டி "53" என்று தரும். அதே "5"இலிருந்து 3ஐக் கழிக்கச் சொன்னால் 2 என்று தரும். கூட்டும்போது சரமாகவும் கழிக்கும்போது எண்ணாகவும் தானே ஊகித்துக்கொள்கிறது. நின்றுபோகும் செய்நிரல் தொல்லைதான். ஆனால் தவறாக ஊகித்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும் செய்நிரல் அதைவிடப் பெரிய தொல்லை.

தமிழுக்கு ஏற்கெனவே தெரிந்த வேறுபாடு

நமது பேச்சுவழக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. 'அடையாள அட்டை இலக்கம்', 'தொலைபேசி இலக்கம்', 'வீட்டு இலக்கம்' என்கிறோம். 'குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை', 'மாடுகளின் எண்ணிக்கை' என்கிறோம். இலக்கம் ஓர் அடையாளம். எண்ணிக்கை ஓர் அளவு. இரண்டு வீட்டு இலக்கங்களைக் கூட்டினால் வரும் விடைக்கு எந்தப் பொருளும் இல்லை. இரண்டு வீட்டு ஆட்களைக் கூட்டினால் எத்தனை சாப்பாட்டுப் பொதி தேவை என்பது தெரியும்.

கணினிக்கு இந்த வேறுபாடு தெரியாது. 0 முதல் 9 வரையான குறிகள் மட்டும் வந்தால், பல மென்பொருள்கள் அதை எண் என்றே எடுத்துக்கொள்ளும். மாத்தளையின் நிலையான தொலைபேசிகளுக்கு முன்னால் வருவது 066. இதை எக்செல் விரிதாளின் சாதாரண நிரலில் அடித்தால் முன்னால் உள்ள பூச்சியம் போய்விடும். எண் என்ற வகையில் 066க்கும் 66க்கும் வேறுபாடே கிடையாது; தொலைபேசி என்ற வகையில் பூச்சியம் இல்லாவிட்டால் மணி அடிக்காது. கொழும்பு 7இன் அஞ்சல் குறியீடு 00700. எண்ணாக மாறினால் 700.

தேசிய அடையாள அட்டை இதைவிடச் சுவாரசியமானது. பழைய இலக்கத்தில் 9 இலக்கங்களும் இறுதியில் ஆங்கில 'வி' அல்லது 'எக்ஸ்' எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 சேர்க்கப்படும். 2016 முதல் வழங்கப்படும் புதிய அட்டைகளில் எழுத்து இல்லை. ஆண்டு முழுமையாக நான்கு இலக்கங்களில் வர, மொத்தம் 12 இலக்கங்கள். பழைய இலக்கத்தைப் புதிய வடிவில் எழுதுவதானால் முன்னால் 19 சேர்த்து, நாள் இலக்கத்துக்குப் பின்னால் ஒரு பூச்சியத்தை நுழைத்து, கடைசி எழுத்தை நீக்க வேண்டும்.

ஆகவே ஒரே வீட்டில், ஒரே பட்டியலின் ஒரே நிரலில், இரண்டு வடிவங்கள் இருக்கும். பாட்டியினது 'வி'யில் முடிவதால், எந்தக் கணினியும் அதைச் சரம் என்றே எடுக்கும். பேரனுடையது 12 இலக்கங்கள் மட்டும் என்பதால் அது எண்ணாகிவிடக்கூடும். எக்செல் அதை முழுமையாகக் காட்டாமல், 2 புள்ளி சில தசமங்கள், பிறகு 'ஈ கூட்டல் 11' என்று சுருக்கிக் காட்டும். அந்தத் தோற்றத்திலேயே காற்புள்ளிக் கோப்பாகச் சேமித்தால் நடுவிலுள்ள இலக்கங்கள் போய்விடும், திரும்ப எடுக்க வழியில்லை.

பாட்டி இருக்கிறார், பேரன் இல்லை

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இந்த நாட்டில் நடந்த ஒரு நல்ல காரியம் 'சஹன'. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவிப் பொருள்கள் ஆகியவற்றைப் பதிவுசெய்ய இலங்கைத் தொண்டர்கள் சில வாரங்களுக்குள் எழுதிய திறந்த மூல மென்பொருள் அது. பின்னர் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நன்மைக்கான விருதையும் பெற்றது.

சஹன முதலில் எழுதப்பட்டது பி.எச்.பி.யில், பின்னர் வந்த 'சஹன ஏடன்' பைத்தனில். இரண்டும் இயங்குநிலை மொழிகள். இது தற்செயலானதல்ல. முன்கூட்டியே பெட்டிகளை அறிவித்துக்கொண்டிருக்க நேரமில்லாத வேளையில், வந்த தகவலை வந்தபடி ஏற்றுக்கொண்டு வேகமாக எழுத இம்மொழிகள் இடம் தருகின்றன. எனவே இயங்குநிலை மொழிகள் மோசமானவை என்று சொல்வது நியாயமில்லை. அவற்றின் நெகிழ்வு எங்கே உதவுகிறது, எங்கே கவிழ்க்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பி.எச்.பி.யில் ஒரு நடத்தையைப் பாருங்கள். அடையாள அட்டை இலக்கத்தைத் திறவுகோலாக வைத்து ஓர் அணியை உருவாக்குகிறோம்: இன்ன இலக்கத்துக்கு இன்ன பெயர். பாட்டியின் இலக்கம் 459991234வி. பேரனின் இலக்கம் 200099905678. (எவருடைய உண்மை இலக்கமும் ஆகிவிடக் கூடாது என்பதற்காக, இல்லாத நாளொன்றை நடுவில் வைத்திருக்கிறோம்.) இரண்டையும் மேற்கோள் குறிக்குள், சரமாகத்தான் கொடுக்கிறோம். ஆனால் பி.எச்.பி. தன் விதிப்படி, நிறைவெண் போலவே தோற்றமளிக்கும் சரத்தைத் திறவுகோலாகப் பெற்றால் அதை நிறைவெண்ணாக மாற்றிவிடும். இன்றைய 64 பிற் கணினிகளில் 12 இலக்கங்கள் அதற்குள் தாராளமாக அடங்கும். பாட்டியின் திறவுகோல் சரமாகவே இருக்கிறது, பேரனுடையது எண்ணாகிவிட்டது. எச்சரிக்கை எதுவும் வராது.

அடுத்து, செய்நிரலின் வேறோர் இடத்தில் யாரோ எழுதியிருக்கிறார்: 'திறவுகோல் சரமாக இருந்தால் அது ஒரு நபர், எண்ணாக இருந்தால் அது வெறும் வரிசை எண், விட்டுவிடு.' பி.எச்.பி.யில் இது வழமையான, நியாயமான ஒரு சோதனைதான். ஆனால் இந்தப் பட்டியலில் அதன் விளைவு: பழைய அட்டைக்காரர் எல்லோரும் இருப்பார்கள், புதிய அட்டைக்காரர் எவரும் இருக்கமாட்டார்கள். சோதனை செய்தவர் தன்னிடமிருந்த பழைய இலக்கத்தைப் போட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாகவே வேலை செய்யும். கருமபீடத்தில் நிற்கும் பேரனுக்குத்தான் பெயர் இல்லை.

இதற்குச் சற்று நெருக்கமான ஒரு விபத்து விஞ்ஞான உலகில் பதிவாகியிருக்கிறது. சில மனித மரபணுக்களின் பெயர்கள் மார்ச், செப்டெம்பர் மாதச் சுருக்கங்கள் போல இருந்ததால் எக்செல் அவற்றைத் திகதிகளாக மாற்றிக்கொண்டிருந்தது. எக்செல் கோப்பில் மரபணுப் பட்டியலை இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. இறுதியில் 2020இல் மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. மரபணுவுக்குப் பெயர் மாற்றலாம். மனிதரின் அடையாள இலக்கத்தை மாற்ற முடியாது.

ஒரே கேள்வி, பல கேட்கும் விதங்கள்

'இது என்ன வகை?' என்று கேட்பது எளிது போலத் தோன்றும். ஒவ்வொரு மொழியிலும் அதைக் கேட்க ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் சற்று வேறான கேள்வி.

நமது உயர்தர மாணவர்கள் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலில் கற்கும் பைத்தனில் இரண்டு முக்கிய வழிகள். 'டைப்' என்ற சார்பு, பொருளின் வகையை அப்படியே சொல்லும். 'இஸ்-இன்ஸ்டன்ஸ்' என்ற சார்பு, அந்தப் பொருள் ஒரு வகைக்கோ அதன் கிளை வகைக்கோ உரியதா என்று சொல்லும். முதலாவது 'நீங்கள் பல்லேகமவைச் சேர்ந்தவரா?' என்று கேட்பது போல. இரண்டாவது 'மாத்தளை மாவட்டத்தவரா?' என்று கேட்பது போல. பல்லேகமவாசியும் ஆம் என்பார், ரத்தொட்டவாசியும் ஆம் என்பார். பெரும்பாலான வேளைகளில் இரண்டாவதே பொருத்தமானது. ஏனென்றால் கிளை வகைகள் தாய் வகை செய்யும் வேலையெல்லாம் செய்யும்.

ஆனால் அங்கேயும் ஒரு குழி. பைத்தனில் மெய்/பொய் என்ற வகை, நிறைவெண்ணின் கிளை வகை. மெய் என்பது 1, பொய் என்பது 0. மெய்/பொய்க்கென்று தனி வகை 2003இல் வந்த 2.3ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முன் எல்லோரும் 1, 0 என்றே எழுதிவந்ததால் பழைய செய்நிரல்கள் உடையாதிருக்க இப்படி ஏற்பாடு செய்தார்கள். விளைவு? படிவத்தில் 'உறுப்பினர் எண்ணிக்கை' 6, அதற்கு அடுத்த நிரல் 'வீட்டில் முதியோர் உண்டா?' என்பதற்கு மெய். இரண்டு நிரல்களும் இடம் மாறிப்போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். 'உறுப்பினர் எண்ணிக்கை நிறைவெண்தானா?' என்று இஸ்-இன்ஸ்டன்ஸ் மூலம் கேட்டால், 'மெய்' என்ற பெறுமதிக்கும் ஆம் என்றே விடை வரும். ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒருவருக்கான உலருணவு. பிழைச் செய்தி எதுவும் இல்லை.

ஜாவாஸ்கிரிப்டின் கதை இன்னும் பிரபலமானது. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாள்களில் இம்மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். அதில் 'டைப்-ஆஃப்' என்றொரு செயலி உண்டு. எண், சரம் போன்றவற்றுக்கு ஒழுங்காக விடை சொல்லும். வெறுமையைக் கொடுத்துக் கேட்டால் 'பொருள்' என்கிறது. ஆரம்பக் கட்டமைப்பில் ஒவ்வொரு பெறுமதியோடும் வகையைக் குறிக்கும் சில பிற்றுகள் இருந்தன. பொருளுக்கு அது பூச்சியம். வெறுமை முழுவதும் பூச்சியங்களால் ஆனது. ஆகவே வெறுமையும் பொருளாகிவிட்டது. பின்னாளில் திருத்த முன்மொழிந்தார்கள். திருத்தினால் ஏற்கெனவே உள்ள இணையத்தளங்கள் உடையும் என்பதால் கைவிடப்பட்டது. தொலைபேசி இல்லாத ஒருவரின் பதிவில் வெறுமை இருக்கும். 'பொருள்தானே' என்று நம்பி அதைத் திறக்கப்போகும் செய்நிரல் அந்த இடத்திலேயே விழும்.

பட்டியலைக் கேட்டாலும் டைப்-ஆஃப் 'பொருள்' என்றே சொல்லும். அதற்காக 'இன்ஸ்டன்ஸ்-ஆஃப்' என்ற வேறு செயலியைப் பயன்படுத்தினார்கள். அது 'நீ இந்தச் செயலகத்தில் பதியப்பட்டவனா?' என்று கேட்பது போன்றது. ஒரு இணையப் பக்கத்துக்குள் இன்னொரு பக்கம் சட்டகமாக அமர்ந்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிவகம். பக்கத்துச் சட்டகத்திலிருந்து வந்த நல்ல பட்டியலொன்றை 'நீ எங்கள் பட்டியல் அல்ல' என்று திருப்பி அனுப்பிவிடும். செய்நிரலாளர்கள் சுற்றுவழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். எல்லாப் பொருள்களுக்கும் மூலமான பொருளிடமுள்ள, தன்னைச் சரமாகச் சொல்லும் சார்பை இரவல் வாங்கி, சந்தேகத்துக்குரிய பெறுமதியின்மேல் ஓட்டினால், அது எந்த உள்ளமை வகை என்பதைச் சதுர அடைப்புக்குள் எழுதித் தரும். பல ஆண்டுகள் பல நூலகங்கள் இந்த வழியிலேயே ஓடின. 2009 டிசம்பரில் வந்த நியமத்தில்தான் 'இது பட்டியலா?' என்று நேரடியாகக் கேட்கும் சார்பு மொழிக்குள்ளேயே சேர்க்கப்பட்டது.

இன்னொரு வேடிக்கை. 'ஆறு' என்ற சொல்லை எண்ணாக்கச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் 'எண் அல்ல' என்ற சிறப்புப் பெறுமதியைத் தரும். அந்த 'எண் அல்ல'வின் வகை என்ன என்று டைப்-ஆஃபிடம் கேட்டால், 'எண்' என்று விடை. வெற்றுக் கட்டத்தை எண்ணாக்கச் சொன்னால் பூச்சியம். நிரப்பாமல் விட்ட கட்டமும் 'ஒருவரும் இல்லை' என்ற விடையும் ஒன்றாகிவிடுகின்றன. கேட்க வேண்டியது 'எண்ணா?' என்று அல்ல. 'நிறைவெண்ணா, ஒன்றுக்குக் குறையாததா?' என்று.

தமிழ்ப் பெயரை மறுக்கும் கேள்வி

கேள்வி கேட்காமல் விடுவது ஒரு பிழை. தவறான கேள்வியைக் கேட்பது இன்னொரு பிழை. இரண்டாவதால் அடிபடுவது பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள்.

பைத்தனின் இரண்டாம் தலைமுறையில் எழுத்துக்கு இரண்டு வகைகள் இருந்தன: சாதாரணச் சரம், யுனிகோட் சரம். அக்காலத்தில் 'எலிமெண்ட் ட்ரீ' என்ற உள்ளமை நூலகத்தின் மூலம் எக்ஸ்.எம்.எல். கோப்பை வாசித்தால், ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய பெயர் சாதாரணச் சரமாக வரும்; தமிழிலோ சிங்களத்திலோ எழுதிய பெயர் யுனிகோட் சரமாக வரும். 'இது சரமா?' என்று சாதாரணச் சரத்தை மட்டும் மனதில் வைத்து யாராவது சோதித்திருந்தால், ஆங்கிலப் பெயர் உள்ளே போகும், தமிழ்ப் பெயர் வெளியே நிற்கும். எழுதியவர் ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் பிழையைக் காணவே மாட்டார். 2008 டிசம்பரில் வந்த பைத்தன் 3 எழுத்து எல்லாவற்றையும் ஒரே வகையாக்கி இதைத் தீர்த்தது. பழைய தலைமுறைக்கான ஆதரவு 2020 ஜனவரி 1இல் முடிந்தது.

ஆனாலும் கதை முடியவில்லை. பைத்தன் 3இல் ஒரு சரத்திடம் 'உன்னிடம் இருப்பவை எல்லாம் எழுத்துகளா?' என்று கேட்கும் 'இஸ்-அல்ஃபா' என்ற வழி உண்டு. பெயருக்குள் இலக்கமோ குறியீடோ வரக் கூடாது என்று தடுக்கப் பலர் இதைப் பயன்படுத்துகிறார்கள். பல்லேகம என்ற ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதிக் கேளுங்கள்: மெய். தமிழில் எழுதிக் கேளுங்கள்: பொய். சிங்களத்தில் எழுதிக் கேளுங்கள்: அதுவும் பொய். 'ல்'இன் புள்ளியும் 'லே'யின் கொம்பும் யுனிகோட் கணக்கில் எழுத்துகள் அல்ல, எழுத்தோடு சேரும் குறிகள். சிங்களத்திலும் அப்படியே. தமிழிலும் சிங்களத்திலும் பேசும் மக்களுக்கான படிவமொன்றில், ஆங்கிலத்தில் எழுதினால் மட்டும் ஏற்றுக்கொள்ளும் ஒரு கதவை ஒரே ஒரு சொல்லால் கட்டிவிட முடிகிறது. கட்டியவருக்கு அந்த எண்ணமே இருந்திருக்காது.

எங்கே கேட்பது, எத்தனை தடவை கேட்பது

அப்படியானால் ஒவ்வொரு வரியிலும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டுமா? வேண்டாம். இயங்குநிலை மொழிக்காரர்களிடம் ஒரு பழமொழி போன்ற கொள்கை உண்டு: வாத்துப்போல நடந்து வாத்துப்போலக் கத்தினால் அதை வாத்து என்றே வைத்துக்கொள். அதாவது, பொருளின் வகைப்பெயரைத் துருவாதே. வேண்டிய வேலையை அது செய்தால் போதும். செய்நிரலுக்குள், நாமே உருவாக்கிய பொருள்களுக்கிடையே இது நல்ல கொள்கை. வீணான சோதனைகள் நல்ல பொருள்களையும் தடுத்துவிடும் என்பதை மேலே பார்த்தோம்.

சோதனை அவசியமான இடம் வாசற்படி. படிவம், விரிதாள், இன்னொரு கணினியிலிருந்து வரும் ஜேசன் தகவல் என வெளியிலிருந்து ஏதாவது உள்ளே நுழையும் இடம். அங்கே ஒரு தடவை, முறையாகக் கேட்க வேண்டும். அடையாள அட்டை இலக்கம் சரமா? பழைய வடிவமா, புதிய வடிவமா? பழையதானால் புதிய வடிவத்துக்கு மாற்றி, சரமாகவே வைத்துக்கொள். எண்ணிக்கை நிறைவெண்ணா, மெய்/பொய் அல்லவே? இப்படி ஒருமுறை சுத்தப்படுத்திவிட்டால் உள்ளே இருக்கும் மற்ற வரிகள் நிம்மதியாக நம்பலாம்.

இன்று பல மொழிகள் வகைக் குறிப்புகளை எழுத இடம் தருகின்றன. மைக்ரோசொஃப்ட் 2012இல் டைப்ஸ்கிரிப்டை வெளியிட்டது. 2015இல் வந்த பைத்தன் 3.5 வகைக் குறிப்புகளுக்கு ஓர் ஒழுங்கை ஏற்படுத்தியது. இவை மிகவும் உதவுபவை. ஆனால் இரண்டிலும் குறிப்புகள் செய்நிரல் ஓடும்போது தாமாகக் காவல் நிற்பதில்லை. 'இங்கே சரம் வரும்' என்று எழுதிவைத்தாலும், ஓடும் வேளையில் எண் வந்தால் யாரும் தடுக்கமாட்டார்கள். வாசற்படிச் சோதனைக்கு அது மாற்றீடாகாது.

இந்த வாசற்படியையே மையமாக வைத்து எழுந்த ஒரு மொழி நமது நாட்டிலிருந்தே வந்திருக்கிறது. கொழும்பில் தொடங்கப்பட்ட டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் உருவாக்கிய 'பலரினா'வின் 1.0 பதிப்பு 2019 செப்டெம்பரில் வெளிவந்தது. அது இயங்குநிலை மொழி அல்ல. வகைகளை முன்கூட்டியே சரிபார்ப்பது. ஆனால் வலையமைப்பின் வழியே வரும் ஜேசன் தகவல் எந்த வகையாகவும் இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறது. 'இது சரமா?' என்று 'இஸ்' என்ற ஒரே சொல்லால் கேட்கலாம். ஆம் என்றால், அந்தக் கிளைக்குள் மொழியே அதைச் சரமாக நடத்தும். கேட்காமல் சரமாகப் பயன்படுத்த முயன்றால், ஓடும் முன்பே மறுத்துவிடும்.

மறுக்கும்போது சத்தம் போடுங்கள்

கடைசியாக, தொழில்நுட்பத்தைவிட முக்கியமான ஒன்று. சோதனையில் தோற்ற பதிவை என்ன செய்வது? பல செய்நிரல்கள் அதைத் தாண்டிப் போய்விடும். ஆயிரம் பேரில் மூவரது பதிவு பிசகியிருந்தால் மீதி 997 பேரின் வேலை நிற்கக் கூடாது என்பது அதன் நியாயம். நியாயம்தான். ஆனால் அந்த மூவரையும் தனியே ஒரு பட்டியலில் எழுதி, ஏன் மறுக்கப்பட்டார்கள் என்று ஒரு வரி போட்டு, ஓர் உத்தியோகத்தரின் கண்ணுக்கு எட்டச் செய்ய வேண்டும். உள்ளே வந்தவர் எத்தனை, ஏற்கப்பட்டவர் எத்தனை, மறுக்கப்பட்டவர் எத்தனை? இந்த மூன்று எண்ணிக்கைகளும் ஒவ்வொரு தடவையும் கணக்கொத்துப் போனால், எவரும் சத்தமின்றித் தொலைந்துபோக முடியாது.

செய்நிரல் எழுதாதவர்களும் செய்யக்கூடியவை உண்டு. விரிதாளில் அடையாள அட்டைக்கும் தொலைபேசிக்கும் உரிய நிரல்களை, தகவலை உள்ளிடும் முன்பே 'உரை' என்று அமைத்துவிடுங்கள். புதிய அட்டையும் பழைய அட்டையும் கலந்த ஐந்து பேரின் தகவலை முதலில் போட்டுப் பாருங்கள். அவர்களில் ஒருவரின் பெயரைத் தமிழிலும் ஒருவரின் பெயரைச் சிங்களத்திலும் எழுதுங்கள். தொலைபேசியே இல்லாத ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரும் மறுபக்கம் ஐந்து பேராகவே வெளிவருகிறார்களா என்று பாருங்கள். இதற்குக் கால் மணி நேரம்கூட ஆகாது.

பழைய நகரத்தை விட்டுப் புதிய இடத்துக்குப் போன குடும்பத்துக்கு, அவர்கள் யார் என்று சொல்ல மீதமிருப்பது சில வேளை அந்த ஒரு வரிதான்: ஒரு பெயர், ஓர் இலக்கம். அந்த வரியை ஏற்றுக்கொள்ளும் கணினி அதை எண் என்று நினைத்துவிட்டால், அந்தப் பிழையை மறுபக்கத்தில் சுமப்பவர் கருமபீடத்தின் முன்னால் நிற்பவர். அவருக்கு அது ஏன் என்று தெரியாது. கருமபீடத்துக்குப் பின்னால் இருப்பவருக்கும் தெரியாது. செய்நிரல் எழுதியவர் வாசற்படியில் ஒரு வரி கேட்டிருந்தால் இருவருக்கும் அந்த நிலை வந்திராது.